பாட்டுக்குச் சாட்சி

சும்பாவம்பா என்ற ஆங்கில பங்க் இசைக்குழு 1988-இல் ஓர் இசைத்தட்டு வெளியிட்டது. பெயர் 'இங்கிலீஷ் ரெபல் சாங்ஸ் 1381-1914'. கிதாரையும் டிரம்மையும் ஒதுக்கி வைத்துவிட்டு வெறும் குரல்களிலேயே கலகக்காரர்களின் பழம்பாடல்களைப் பாடியிருந்தார்கள். கூச்சலை எதிர்பார்த்துக் கேட்ட எனக்கு அந்த நிதானம் பிடித்திருந்தது. ஆனால் தலைப்பிலுள்ள 1381 என்ற எண் இன்றும் உறுத்திக்கொண்டிருக்கிறது.

1381 குடியானவர் கலகத்தைக் கிளறிவிட்டது தலைவரி. இசைத்தட்டு வந்த அதே 1988-இல் தாட்சர் அரசு மறுபடியும் தலைவரிக்குச் சட்டம் இயற்றியது. ஆகவே அந்த வருஷம் அவர்களுக்குத் தேவைப்பட்டது, புரிகிறது. ஆனால் அதற்குச் சாட்சியாக வைக்கப்படும் பாட்டு 'கட்டி ரென்'. ஒரு சிறு குருவியை வேட்டையாடிப் பங்கிடுகிற பாட்டு. குருவி என்பது பிரபுத்துவம், பாட்டு 1381-ஐச் சேர்ந்தது என்று 1944-இல் சொன்னவர் ஏ. எல். லாய்ட். பாட்டுக்கோ பதினெட்டாம் நூற்றாண்டுக்கு முந்திய எழுத்துச் சான்று கிடைக்கவில்லை. லாய்ட் கம்யூனிஸ்ட், உழைக்கும் வர்க்கத்துக்கு ஒரு நீண்ட வம்சாவளி வேண்டுமென்று விரும்பியவர். ஆசை நியாயமானது. ஆனால் ஆசை ஆதாரமாகிவிடாது.

1381-இல் குடியானவர்கள் பல ஊர்களில் பண்ணைக் கணக்கேடுகளைக் கொளுத்தினார்கள். தங்கள் அடிமைத்தனம் எழுதியிருந்த ஏடுகள் அவை. எழுத்தை எரித்தவர்களைப் பற்றி நமக்கு எழுதி வைத்தவர்கள் அவர்களை வெறுத்த மடாலயத்துக்காரர்கள். அந்த மௌனம் பயங்கரமானது. அழகான ஒரு பாட்டை வைத்து அதை அடைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

அதே தட்டில் ஜெனரல் லட்டின் வெற்றிப் பாட்டும் இருக்கிறது. நாட்டிங்ஹாம் பின்னலாளிகள் கூலியைக் குறைத்த தறிச்சட்டங்களை உடைத்த காலத்துப் பாட்டு. 1812-இல் பார்லிமெண்ட் சட்டம் உடைத்தவனுக்குத் தூக்கு என்றது. இந்தப் பாட்டின் வாசகம் நமக்குக் கிடைப்பது உள்துறை இலாகாவின் காகிதங்களிலிருந்து. தூக்கு மாட்ட வந்த அரசாங்கமே பாட்டைப் பத்திரப்படுத்தியிருக்கிறது. இந்தச் சாட்சியை யாரும் சந்தேகிக்க முடியாது.

2003-இல் குழு அதே தொகுப்பை மறுபடி பாடிப் பதிவு செய்தது. தலைப்பில் 1914 போய் 1984 வந்தது. சுரங்க வேலைநிறுத்தத்தில் பிறந்த 'கோல் நாட் டோல்' சேர்ந்தது. எழுதியவர் கே சட்க்ளிஃப், கென்ட் சுரங்கத் தொழிலாளி ஒருவரின் மனைவி. இங்கே யூகிக்க எதுவுமில்லை, போலீஸ் காகிதத்தைத் தேட வேண்டியதுமில்லை. பாடியவர்களே அந்த வேலைநிறுத்தத்துக்குத் துணை நின்றவர்கள். 2015-இல் யார்க்‌ஷயரின் கெல்லிங்லியோடு பிரிட்டனின் ஆழ்சுரங்கங்கள் முடிந்துபோயின. பாட்டு, எழுதியவர் பெயரோடு இருக்கிறது.

இத்தட்டை நான் இப்போது கடைசியிலிருந்து முதலுக்குக் கேட்கிறேன். 1984-இல் ஒரு பெண்ணின் கையெழுத்து, 1812-இல் அரசாங்கத்தின் கோப்பு, 1381-இல் சாம்பல். குருவிப் பாட்டு வரும்போது அதைப் பாட்டாக மட்டும் கேட்கிறேன். 1381-க்கு அந்தச் சாம்பலே போதும் என்று படுகிறது.