பெரிய பேட்டரியும் குறைந்த வோல்டேஜும்

செல்ஃப் அடித்தால் இழுத்து இழுத்துச் சுற்றும் காருக்கு இரண்டு வைத்தியங்கள் உண்டு. பழையதைக் கழற்றிவிட்டு, அதைவிடத் திறன் கூடிய பேட்டரியைப் பொருத்துவது ஒன்று. என்ஜின் ஓடும்போது பேட்டரிக்கு வந்து சேரும் வோல்டேஜ் ஏன் குறைகிறது என்று ஆராய்வது மற்றொன்று. முன்னதற்குப் பணம் வேண்டும்; பின்னதற்குப் பொறுமை வேண்டும். முன்னது புதுப் பொருளை உள்ளே கொண்டுவருகிறது. பின்னது ஏற்கெனவே இருப்பதை அளந்து பார்க்கிறது. இவ்வளவு வேறுபட்ட இரண்டு வேலைகளை அருகருகே வைத்து எடைபோட்டால், இரண்டும் பெரும்பாலும் ஒரே எதிரியைத்தான் துரத்துகின்றன என்பது புலப்படும்.

முதலில் இரண்டும் நம்பியிருக்கும் எண்களைப் பார்ப்போம். பேட்டரியின் திறனை உயர்த்துபவர் ஆம்பியர்-மணியையும், குளிர்நிலையில் என்ஜினைச் சுற்றவைக்கும் ஆம்பியரையும் பார்த்து வாங்குகிறார். சார்ஜிங்கை ஆராய்பவர் மல்டிமீட்டரில் தெரியும் வோல்ட்டைப் பார்க்கிறார். முதல் எண் தொழிற்சாலையில் அச்சானது; இரண்டாவது எண் அந்தக் கணத்தில், அந்தக் காரில் பிறப்பது. ஆனால் இரண்டுமே வெப்பநிலைக்குக் கட்டுப்பட்டவை. லேபிளில் உள்ள குளிர்நிலை ஆம்பியர் −18 டிகிரி செல்சியஸில் அளந்தது. நம் ஊர்களில் அந்தக் குளிர் ஒருபோதும் வருவதில்லை. ஆயினும் அந்த எண் பேட்டரியின் உள்தடை எவ்வளவு குறைவு என்பதைச் சொல்லிவிடுகிறது. அதேபோல, பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர் காலையில் 14.4 வோல்ட் காட்டிவிட்டு நண்பகல் சூட்டில் 13.8-க்கு இறங்கினால் உடனே பழுது என்று முடிவுகட்ட வேண்டியதில்லை. சூடான பேட்டரிக்குக் குறைந்த வோல்டேஜே போதும் என்பதால், வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர்கள் பல தாமாகவே அதைக் குறைக்கின்றன. பேட்டரி பக்கத்தில் பயனற்றதாகத் தோன்றும் எண் பயனுள்ளது. சார்ஜிங் பக்கத்தில் பழுதாகத் தோன்றும் எண் சரியானது.

இனி அந்தப் பொது எதிரிக்கு வருவோம். அது மின்தடை. நல்ல கார் பேட்டரியின் உள்தடை சில மில்லி ஓம்தான். சாதாரணப் பேட்டரிக்குப் பதிலாக, கண்ணாடி இழைப் பாயில் அமிலத்தை உறிஞ்சி வைத்திருக்கும் ஏஜிஎம் வகையைப் போடும்போது, அந்தச் சில மில்லி ஓமிலும் கொஞ்சம் குறைகிறது. உயர்த்தலின் பலனில் பெரும்பங்கு அதுவே. இப்போது மறுபக்கம் பாருங்கள். பச்சை பூத்த டெர்மினலோ, துருவேறிய எர்த் பட்டையோ 10 மில்லி ஓம் தடையைச் சேர்த்துவிடக்கூடும். செல்ஃப் மோட்டார் 150 ஆம்பியர் இழுக்கும்போது அந்த ஓரிடத்தில் மட்டும் ஒன்றரை வோல்ட் வீணாகும். ஆல்டர்னேட்டர் 50 ஆம்பியர் அனுப்பும்போது அதே இடத்தில் அரை வோல்ட் போய்விடும், 14.3-ஆகப் புறப்பட்டது 13.8-ஆக வந்து சேரும். புதுப் பேட்டரி உள்ளே மிச்சப்படுத்திய மில்லி ஓம்களைப் பழைய இணைப்பு வெளியே விழுங்கிவிடுகிறது. ஸ்டார்ட் ஆகும்போது வெளியேறும் மின்னோட்டமும், ஓடும்போது திரும்பி வரும் மின்னோட்டமும் அதே டெர்மினல், அதே எர்த் பட்டை வழியாகத்தான் போக வேண்டும். ஒரே வழியை இரண்டு திசைகளிலிருந்து பார்ப்பவைதான் இந்த இரண்டு வேலைகளும்.

இதைவிட வியப்பான உறவும் உண்டு: ஒன்றின் நோய் மற்றொன்றின் வேடத்தைப் போட்டுக்கொள்கிறது. ஒரு செல் ஷார்ட் ஆன பேட்டரி, ஆல்டர்னேட்டர் தரும் வோல்டேஜைக் கீழே இழுத்துவிடும். பார்ப்பவர் ஆல்டர்னேட்டரைக் குறை சொல்வார். மாதக்கணக்கில் அரைகுறையாகச் சார்ஜ் ஆன பேட்டரியின் தகடுகளில் ஈய சல்ஃபேட் இறுகிப்போகும். பார்ப்பவர் பேட்டரியைக் குறை சொல்வார். முதல் நிலையில் பேட்டரியை மாற்றினால் சார்ஜிங் குணமாகிறது. இரண்டாவதில் பேட்டரியை மாற்றினால் புதியதும் பழையதன் வழியே போகிறது.

ஆகவே ஒன்றைத் தீர்மானிக்க மற்றொன்று சரியாக இருப்பது தெரிந்தாக வேண்டும். இறங்கிப்போன பேட்டரியை வைத்துக்கொண்டு சார்ஜிங் வோல்டேஜை அளந்தால், அது உறிஞ்சும் மின்னோட்டமே அளவைக் கெடுக்கும். சார்ஜிங் தெரியாமல் பேட்டரியைச் சோதித்தால், அது கிழடா பட்டினியா என்று சொல்ல முடியாது. இந்தச் சுற்றை உடைப்பது வெளியே தனியாக இருக்கும் சார்ஜர். அதில் முழுதாக ஏற்றி, சில மணி நேரம் ஓய்வு கொடுத்து, சாதாரண ஈய அமிலப் பேட்டரி 12.6 வோல்ட்டுக்குக் குறையாமல் நிற்கிறதா என்று பார்த்த பிறகே இரண்டு சோதனைகளுக்கும் பொருள் உண்டு.

ஒரு கணக்கு இரண்டின் எல்லையையும் தெளிவாக்கும். விளக்கு, ஏசி, மின்விசிறி எல்லாம் இழுப்பதைவிட ஆல்டர்னேட்டர் 5 ஆம்பியர் குறைவாகத் தருகிறது என்று கொள்வோம். 35 ஆம்பியர்-மணி பேட்டரி அந்தப் பற்றாக்குறையை 7 மணி நேரம் தாங்கும். 70 ஆம்பியர்-மணி பேட்டரி 14 மணி நேரம் தாங்கும். இருமடங்கு பேட்டரி வாங்கித் தருவது இருமடங்கு தாமதம் மட்டுமே. நேர்மாறான அச்சமும் நிலவுகிறது: பெரிய பேட்டரி ஆல்டர்னேட்டரைக் கெடுத்துவிடும் என்பார்கள். ஆனால், என்ஜினைச் சுற்ற எடுக்கும் மின்சாரம் சிறிய பேட்டரியிலும் பெரியதிலும் ஏறத்தாழ ஒன்றே என்பதால், திருப்பி நிரப்ப வேண்டியதும் ஒன்றேதான். பெரிய பேட்டரி அடிவரை இறங்கிவிட்ட நிலையில்தான் ஆல்டர்னேட்டர் நெடுநேரம் திணறும். பெரிய பேட்டரி மருந்தும் ஆகாது, நஞ்சும் ஆகாது.

சில வேளைகளில் உயர்த்தலே குறையைப் பிறப்பிக்கிறது. ஆஸ்திரேலியாவில் டொயோட்டா லேண்ட் குரூஸர் வைத்திருப்போர் பலர் இதை அறிவார்கள். பழைய வகைப் பேட்டரிக்குப் போதுமாக இருந்த 13.8, 13.9 வோல்ட், கால்சியம் அல்லது ஏஜிஎம் பேட்டரியை முழுதாக நிரப்பப் போதவில்லை, அவற்றுக்கு 14.4-ஐ ஒட்டி வேண்டும். எனவே, ரெகுலேட்டருக்குப் பேட்டரியின் வோல்டேஜை அறிவிக்கும் கம்பியின் ஃபியூஸ் இருக்கும் இடத்தில் ஒரு டயோடைச் செருகுகிறார்கள். ரெகுலேட்டர் ஏறத்தாழ அரை வோல்ட் குறைவாக உணர்ந்து, அந்த அளவுக்குக் கூட்டித் தருகிறது. ஆல்டர்னேட்டர் மாறவில்லை, கம்பி மாறவில்லை. பேட்டரியின் வகை மாறியதும் நேற்றுவரை சரியான வோல்டேஜ் இன்று குறைந்த வோல்டேஜ் ஆகிவிட்டது.

பிஎம்டபிள்யூ போன்ற கார்களில் இதற்கு மறுதலை. அங்கே நெகடிவ் டெர்மினலில் அமர்ந்திருக்கும் சென்சார் பேட்டரியின் நிலையைக் கணிக்க, சார்ஜிங்கைக் கணினியே தீர்மானிக்கிறது. புதுப் பேட்டரியைப் பதிவு செய்யாவிட்டால், கணினி பழைய கிழட்டுப் பேட்டரிக்கான கணக்கையே தொடரும். மேலும், இத்தகைய கார் நிதானமாக ஓடும்போது 13-க்கும் கீழே காட்டிவிட்டு, வேகம் குறையும்போது 15-ஐ எட்டலாம். எரிபொருளைச் சேமிக்க வகுத்த ஏற்பாடு அது. டயோடு ரெகுலேட்டரை ஏமாற்றுகிறது; பதிவு கணினிக்கு உண்மையைச் சொல்கிறது. இரண்டின் நோக்கமும் ஒன்று: பேட்டரிக்கும் சார்ஜிங்குக்கும் இடையே உடன்பாடு.

இரண்டில் எது சிறந்தது என்று கேட்டால், வரிசையே விடை. பேட்டரியை வெளிச் சார்ஜரில் நிரப்புங்கள். ஹெட்லைட்டும் ஏசியும் போட்டு, என்ஜினைச் சுமார் 2000 சுற்றில் ஓடவிட்டு, ஆல்டர்னேட்டரின் வெளியீட்டு முனைக்கும் பேட்டரி பாசிட்டிவுக்கும் இடையே அளந்து பாருங்கள். பிறகு ஆல்டர்னேட்டர் உடலுக்கும் பேட்டரி நெகடிவுக்கும் இடையே. ஏதாவது ஒரு பக்கத்தில் 0.2 வோல்ட்டுக்கு மேல் விழுந்தால் பழுது கம்பியிலோ இணைப்பிலோ இருக்கிறது. அதைச் சுத்தம் செய்ய ஆகும் செலவு சொற்பம். அங்கே விழாமல், ஆல்டர்னேட்டர் முனையிலேயே வோல்டேஜ் குறைந்தால் பெல்ட், கார்பன் பிரஷ், டயோடு, ரெகுலேட்டர் என்று தேடுங்கள். எல்லாம் சரியாக இருந்த பிறகு, கூடுதல் கருவிகளுக்காகவோ நெடுநாள் நிறுத்தி வைப்பதற்காகவோ பெரிய பேட்டரி வேண்டுமென்றால், தட்டில் அமரும் அளவும், டெர்மினல் பக்கமும், சார்ஜிங் வோல்டேஜும் பொருந்துகிற வகையைத் தயங்காமல் வாங்குங்கள். அளந்த பின் வாங்கிய பேட்டரிதான் தன் ஆயுள் முழுவதும் உழைக்கும்.