தண்ணி நண்டும் தசைப் புரதமும்: பழவேற்காட்டு நண்டு வளர்ப்பில் தீவனத்தை அமினோ அமிலத்தால் அளத்தல்

1. சிக்கல்

பழவேற்காட்டு ஏரியில் பிடிபடும் சேற்று நண்டு எடைக்கு விலைபோகும் சரக்கு. ஆனால் எடையை மட்டும் பார்த்து எந்த வியாபாரியும் அதை வாங்குவதில்லை. நண்டைக் கவிழ்த்து அடிப்புற ஓட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்க்கிறார். ஓடு அசையாமல் நின்றால் அது கெட்டி நண்டு. சென்னை வழியாக உயிரோடு சிங்கப்பூர் முதலிய சந்தைகளுக்குப் போகும். விரலுக்கு அமுங்கினால் அது தண்ணி நண்டு. அண்மையில் ஓடு கழற்றியதால் அதன் உள்ளே தசைக்குப் பதில் நீரே மிகுந்திருக்கும். தராசில் இரண்டும் ஒரே எடை காட்டினாலும் விலை வெகுவாக வேறுபடும். தண்ணி நண்டைக் கூண்டிலோ வலைத்தடுப்பிலோ சிறு குளத்திலோ மூன்று நான்கு வாரம் வைத்து, இரை போட்டுக் கெட்டியாக்கி விற்பதே நண்டு கொழுக்க வைக்கும் தொழில்.

இத்தொழிலின் கையேடுகள் இரையை நண்டின் எடையில் இத்தனை விழுக்காடு என்று சொல்கின்றன. 5 முதல் 10 விழுக்காடு என்பது வழக்கமான பரிந்துரை. எந்த இரை, அதில் எந்த அமினோ அமிலம் எவ்வளவு என்ற கேள்வி பெரும்பாலும் எழுவதில்லை. இத்தொழிலில் நடப்பது எடை கூடுதல் என்பதைவிட நீரின் இடத்தில் தசைப் புரதம் குடியேறுதல் என்பதே பொருந்தும். ஆகவே தீவனத்தை எடையால் அளப்பதை விட்டு அமினோ அமிலத்தால் அளக்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம். அவ்வாறு அளந்தால், ஏரியின் பொடிமீனை அப்படியே நண்டுக்குப் போடுவது ஏரிக்கும் அதை நம்பி வாழும் ஏழைக் குடும்பங்களுக்கும் கட்டுபடியாகாத வழக்கம் என்பது தெரியவரும்.

2. தசை கரைந்து மீண்டும் கட்டப்படும் முறை

கறிக்கோழியிலும் ஆட்டிலும் தசை ஓயாமல் சிதைந்து ஓயாமல் கட்டப்படுகிறது. கட்டுவது மிகுந்தால் வளர்ச்சி, சிதைவது மிகுந்தால் மெலிவு. அவற்றில் தசை பெருமளவு கரைவது பட்டினியின் அல்லது நோயின் அடையாளம். நண்டிலோ அது வாழ்க்கைச் சுழற்சியின் ஒழுங்கான கட்டம். பழைய ஓட்டைக் கழற்றும்போது கொடுக்கின் பருத்த தசை, காலின் அடியில் உள்ள குறுகிய மூட்டு வழியாக உருவி வெளியே வர வேண்டும். அதற்காக நண்டு முன்கூட்டியே தன் கொடுக்குத் தசையைச் சிறுக்க வைத்துக்கொள்கிறது. டோரதி ஸ்கின்னர் 1966இல் கெகார்சினஸ் லேடராலிஸ் என்னும் நில நண்டில் இதை விரிவாக ஆராய்ந்தார். பின்னர் டொனால்டு மைக்கிள்ஸ் முதலியோர், கால்சியத்தால் தூண்டப்படும் புரதச் சிதைப்பு நொதிகளும் யுபிக்விட்டின் வழியும் இதில் பங்கேற்பதைக் காட்டினர். அச்சமயத்தில் புரதச் சிதைவு மட்டுமல்ல, புரத ஆக்கமும் சேர்ந்தே உயர்கிறது. சிதைவின் கை ஓங்கியிருப்பதால் தசை சிறுக்கிறது. நடைக்கால்களின் தசைக்கு இந்த நெருக்கடி அவ்வளவாக இல்லை.

ஓடு கழன்றதும் நண்டு நீரை உறிஞ்சி ஊதிக்கொள்கிறது. புதிய ஓடு அந்தப் பெரிய அளவிலேயே இறுகுகிறது. இப்போது உடல் என்பது பெரிய ஓட்டுக்குள் சிறுத்த தசையும் நிறைய நீரும்தான். அடுத்த சில வாரங்களில் அந்த இடம் முழுவதும் புரதத்தால் நிரம்ப வேண்டும். நண்டு வளர்ப்போர் பணம் பார்ப்பது இந்தச் சில வாரங்களில்தான். அதனால் இங்கே எடைக்கணக்கு ஏமாற்றும். நீர் வெளியேறி அதே அளவுக்குத் தசை சேர்ந்தால் தராசு அசையவே அசையாது. சந்தை மதிப்போ பல மடங்காகும். வியாபாரியின் கட்டைவிரல் தராசைவிடத் துல்லியமாக அளப்பது இதைத்தான். சினை நிறைந்த பெண் நண்டின் கதை வேறு. அங்கே சினைப்பையின் புரதமும் கொழுப்புமே விலையைத் தீர்மானிக்கின்றன. இக்கட்டுரை கொடுக்குக்காக விலைபோகும் நண்டை மட்டுமே கருதுகிறது.

3. பொடிமீன் கணக்கு

400 கிராம் தண்ணி நண்டு ஒன்றை 25 நாள் வளர்ப்பதாகக் கொள்வோம். நாளொன்றுக்கு 5 விழுக்காடு இரை என்றால் 500 கிராம் பொடிமீன். 8 விழுக்காடு என்றால் 800 கிராம். பச்சை மீனில் புரதம் சுமார் 17 விழுக்காடு என வைத்தால் நண்டுக்கு முன் வைக்கப்படும் புரதம் 85 முதல் 136 கிராம் வரை. கெட்டியான நண்டின் எடையில் மூன்றில் ஒரு பங்கு சதை, அச்சதையில் 18 விழுக்காடு புரதம் என்று எடுத்தால், நண்டின் மொத்தத் தசைப் புரதமே 24 கிராமுக்குள்தான் வருகிறது. இந்த எண்கள் மாதிரிக் கணக்குக்கான அனுமானங்கள். அதிலும் நண்டுக்குச் சாதகமான அனுமானம் ஒன்று இருக்கிறது: தொடக்கத்தில் தசையே இல்லை, எல்லாம் புதிதாகக் கட்டப்பட்டது என்று கொண்டிருக்கிறோம். அப்படிக் கொண்டும் இட்ட புரதத்தில் தசையானது குறைந்த இரையில் கால்பங்குக்குச் சற்று மேல், கூடுதல் இரையில் ஆறில் ஒரு பங்கு. புதிய ஓடும் செரிமான உறுப்பும் எடுத்துக்கொள்வதைச் சேர்த்தாலும் பெரும்பகுதி வேறெங்கோ போகிறது என்பது தெளிவு.

போகும் இடங்கள் மூன்று. தின்னாமல் விடப்பட்டது குளத்தின் அடியில் அழுகுகிறது. ஊனுண்ணியான நண்டு அமினோ அமிலத்தையே எரிபொருளாகவும் எரிக்கிறது. எஞ்சிய நைட்ரஜன் செவுள் வழியே அம்மோனியாவாக வெளியேறி நீரைக் கெடுக்கிறது. அதாவது தசை கட்ட வேண்டிய பொருளின் பெரும்பகுதி விறகாகவும் கழிவாகவும் ஆகிறது.

4. எது குறைகிறதோ அதுவே எல்லை

தசைப் புரதம் கட்ட நண்டுக்கும் இறாலுக்கும் மீனுக்கும் வெளியிலிருந்து வரவேண்டிய அமினோ அமிலங்கள் பத்து: அர்ஜினின், ஹிஸ்டிடின், ஐசோலூசின், லூசின், லைசின், மெத்தியோனின், பீனைல்அலனின், திரியோனின், டிரிப்டோஃபேன், வேலின். இவை படகின் பக்கப் பலகைகள் மாதிரி. எந்தப் பலகை தாழ்ந்திருக்கிறதோ அந்த மட்டத்தில்தான் நீர் ஏறும், மற்றவை உயர்ந்திருந்து பயனில்லை. பன்றி, கோழித் தீவனத்தில் லைசினை 100 என வைத்து மற்றவற்றை அதன் விகிதமாகச் சொல்லும் ‘இலட்சியப் புரதம்’ என்ற கோட்பாடு இதிலிருந்து பிறந்தது. நாமக்கல் வட்டாரக் கோழிப் பண்ணைகளின் தீவனம் இன்று தனி லைசினும் மெத்தியோனினும் சேர்த்துக் கணக்கிட்டுக் கலக்கப்படுகிறது. அதே மாநிலத்தில் விலையுயர்ந்த ஏற்றுமதி நண்டு இன்னும் கைப்பிடி மீன் கணக்கிலேயே வளர்கிறது.

பொடிமீனில் பத்தும் சமநிலையாக இருப்பது உண்மை. நண்டு அதை விரும்புவதும் உண்மை. மாற்றுப் பொருள்கள் ஒவ்வொன்றிலும் குறை உண்டு. சோயாப் புண்ணாக்கில் மெத்தியோனின் குறைவு. கடலைப் புண்ணாக்கில் லைசினும் குறைவு. மீன் தோலும் செதிலும் எலும்பும் புரதம் நிறைந்தவை என்றாலும் அப்புரதத்தின் பெரும்பகுதி கொலாஜன். அதில் டிரிப்டோஃபேன் அறவே கிடையாது. இறால் தலையில் நைட்ரஜனை அளந்து 6.25ஆல் பெருக்கினால் கிடைக்கும் ‘புரதம்’ பொய்க்கணக்கு. கைட்டினில் உள்ள நைட்ரஜனும் அதில் புகுந்துவிடுகிறது. புரத விழுக்காடு ஒன்றாக இருக்கும் இரண்டு இரைகள் தசைக்கு ஒன்றல்ல என்பதே இதன் பொருள். ஆயினும் குறைகள் வெவ்வேறு இடத்தில் இருப்பதால் கலவை அவற்றை ஈடுகட்டும். மீன் குடலும் தலையும், மட்டிச் சதையும், சோயாவும் சரியான அளவில் சேர்ந்தால் பொடிமீனை நெருங்கலாம். ஓட்டுடலிகள் ஆற்றலை அவசரத்துக்குச் சேமித்து வைப்பது முதுகெலும்பிகளைப் போலக் கிரியேட்டின் பாஸ்பேட்டாக அல்ல, அர்ஜினின் பாஸ்பேட்டாக. ஆகவே கலவையில் அர்ஜினினுக்குத் தனிக் கவனம் வேண்டும்.

5. முகத்துவாரமும் அமினோ அமிலமும்

பழவேற்காட்டு நண்டு வளர்ப்பில் கணக்கில் எடுக்க வேண்டிய சூழல் ஒன்றுண்டு. சராசரி ஆழம் ஒரு மீட்டர் அளவே உள்ள இந்த ஏரியில், வடகிழக்குப் பருவமழையின்போது ஆரணியாறும் காளங்கியாறும் கொண்டுவரும் வெள்ளத்தால் நீர் ஏறத்தாழ நன்னீராகிறது. கோடையில் முகத்துவாரம் மணலால் தூர்ந்தால் உப்பு கடலின் ஆயிரத்துக்கு 35ஐயும் விஞ்சுகிறது. ஓட்டுடலிகள் இந்த ஏற்றத்தாழ்வைத் தாங்கும் வழிகளில் ஒன்று, தசைச் செல்லுக்குள் புரதமாகக் கோக்கப்படாமல் தனித்து மிதக்கும் கிளைசின், புரோலின், அலனின் முதலிய அமினோ அமிலங்களின் அளவை ஏற்றி இறக்குவது. பெல்ஜியத்தின் லியேஜில் மார்செல் ஃப்ளோர்கினின் குழு 1950களில் சீனக் கையுறை நண்டில் இதை நிறுவியது. உப்பு ஏறினால் இந்தக் கையிருப்பு கூடுகிறது. உப்பு இறங்கினால் அது குறைகிறது. குறைந்ததில் ஒரு பகுதி அம்மோனியாவாக வெளியேறுகிறது.

எனவே ஏரி நீரிலேயே கூண்டு வைத்து வளர்ப்பவருக்கு, உப்பின் மாற்றமும் தீவனச் செலவின் ஒரு பகுதியே. இதிலிருந்து சோதிக்கத்தக்க ஒரு கருதுகோள் பிறக்கிறது. கொலாஜன் நிறைந்த மீன் கழிவு தசை கட்டுவதற்குக் குறையுடையது. ஆனால் கிளைசினும் புரோலினும் அதில் ஏராளம். உப்பு ஏறும் மாதங்களில் கலவையில் அதன் பங்கைக் கூட்டினால், தன் கையிருப்பை நிரப்ப நண்டு விலையுயர்ந்த அமினோ அமிலங்களைச் சிதைக்க வேண்டிய தேவை குறையலாம். மழைக்காலத்தில் அந்தப் பங்கைக் குறைப்பதே பொருத்தம். ஒரே தீவனம் ஆண்டு முழுவதற்கும் என்ற எண்ணம் இந்த ஏரிக்குப் பொருந்தாமல் போகலாம்.

6. எதிர்வாதங்கள்

முதல் எதிர்வாதம்: பொடிமீன் இலவசம், ஆலையில் செய்த குருணைத் தீவனம் காசு. இது வலை உள்ளவரின் கணக்கு. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம் முதலிய ஊர்களில் நடைமுறையிலுள்ள பாடு முறை, நல்ல இறால் துறைகளை ஊர் உறுப்பினரான ஆண்களுக்கு முறைவைத்துப் பகிர்ந்தளிக்கிறது. பெண்களும், கையால் தடவி இறாலும் நண்டும் பிடிக்கும் இருளர் குடும்பங்களும் அதற்கு வெளியே நிற்பவர்கள். நண்டு கொழுக்க வைத்தலை ஊக்குவிப்போர் குறிவைப்பது பெரும்பாலும் இவர்களையே. வலை இல்லாதவருக்குப் பொடிமீன் இலவசமாக வருவதில்லை. மேலும் அந்த மீன்தான் குழம்புக்கும், பெண்கள் காயவைத்து விற்கும் கருவாட்டுக்கும் ஆவது. வளர்ந்தால் பெரிய விலை பெறும் மடவைக் குஞ்சும் கொடுவாக் குஞ்சும் அதில் கலந்திருக்கும். நண்டுக்கு அது மலிவு என்றால், அந்த மலிவின் விலையை வேறொருவர் கொடுக்கிறார்.

இரண்டாவது எதிர்வாதம் வலுவானது: குருணைத் தீவனமும் மீன் தூளால்தானே ஆகிறது? மேற்குக் கரையின் சாளை அரைபட்டுப் பழவேற்காட்டு நண்டுக்கு வருவதில் என்ன நீதி? இதை ஏற்கவே வேண்டும். அதனால்தான் இக்கட்டுரை குருணையைப் பரிந்துரைக்கவில்லை, கழிவை அடிப்படையாகக் கொண்ட கலவையைப் பரிந்துரைக்கிறது. 1987இல் தொடங்கி சென்னையில் இயங்கும் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனமான சிபா, மீன் சந்தைக் கழிவிலிருந்து ‘பிளாங்க்டன் பிளஸ்’ என்னும் நீர்ப்பகுப்புப் பொருளைத் தயாரித்துக் காட்டியுள்ளது. அத்தகைய கழிவு கிடைக்கும் சென்னைக் காசிமேட்டு மீன்பிடித் துறைமுகம் பழவேற்காட்டுக்கு எட்டும் தொலைவில்தான் இருக்கிறது.

மூன்றாவது, தொழில்நுட்பத் தடை. நண்டு இரையைப் பற்றிக் கிழித்து மெதுவாகத் தின்னும். அதற்குள் தனியாகச் சேர்த்த லைசினும் மெத்தியோனினும் நீரில் கரைந்துபோகும். ஆகவே கோழித் தீவன உத்தியை அப்படியே கொண்டுவர முடியாது. குறையை மற்றொரு முழுப் புரதத்தால் நிரப்புவதும், கலவையை அவித்துக் கெட்டியாகப் பிடித்துப் போடுவதும் இங்கே பொருத்தமான வழிகள். சிற்றூர்ச் சமையலறைக் கருவிகளே இதற்குப் போதும்.

7. முடிவுரை

மேற்கண்ட வாதத்தைச் சோதிப்பது கடினமல்ல. ஒரே அளவுத் தண்ணி நண்டுகளைத் தனித்தனிக் கூண்டில் வைத்து, ஒரு பகுதிக்குப் பொடிமீனும் மற்றவற்றுக்குக் கொலாஜன் பங்கு கூடியதும் குறைந்ததுமான கழிவுக் கலவைகளும் கொடுத்து, மழைக்கால முடிவிலும் கோடையிலுமாக இருமுறை வளர்க்க வேண்டும். முடிவில் எடையோடு கொடுக்குச் சதையின் நீர் விகிதத்தையும் புரதத்தையும், நீரில் சேர்ந்த அம்மோனியாவையும், வியாபாரி கொடுத்த விலையையும் பதிய வேண்டும். கலவை தின்ற நண்டு அதே நாள்களில் கெட்டியாகாவிட்டால் இவ்வாதத்தின் முதல் பாதி தோற்கும். கோடையிலும் மழையிலும் கொலாஜன் பங்கு எந்த வேறுபாட்டையும் காட்டாவிட்டால் உப்பைப் பற்றிய கருதுகோள் தோற்கும். இரண்டும் நின்றால், நண்டு வளர்ப்புக்கு அரசு தரும் மானியம் கூண்டுக்கும் நண்டுக்கும் மட்டும் என்றில்லாமல், மீன் இறங்குதளங்களின் கழிவைப் பதப்படுத்தும் சிறு கூடங்களை மகளிர் குழுக்கள் நடத்துவதற்கும் போய்ச் சேர வேண்டும். பொடிமீனுக்கு வலை உள்ளவரைச் சார்ந்திருக்கும் நிலை மாறினால்தான் பாடு இல்லாதவருக்கு நண்டு ஒரு தொழிலாக நிலைக்கும்.