பெரிய கோயிலில் இடித்த தியோடலைட்டும் குறுக்குப் பெருக்கமும்

பி.காம். படிக்கிறவனுக்குக் குறுக்குப் பெருக்கம் எதற்கு என்று கேட்காதீர்கள். அறை நண்பன் இயற்பியல் படிக்கிறான். அவன் புத்தகத்தைப் புரட்டியபோது ஒரு விபரீத ஆசை வந்தது. எங்கள் ஊர் கோடியக்கரைக்கும், கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற காங்கேசன்துறைக்கும் எவ்வளவு தூரம் என்று கணக்குப் போட்டால் என்ன? பூமியின் ஆரம், அட்சரேகை, தீர்க்கரேகை மூன்றையும் அப்படியே அணிக்கோவையில் போட்டுப் பெருக்கினேன். வந்த விடைக்குத் தலையும் இல்லை, வாலும் இல்லை. தப்பு எங்கே என்று தேடப்போய் ஒரு வரலாறே கிடைத்தது.

1802 ஏப்ரலில் பரங்கிமலை அருகே சுமார் ஏழரை மைல் நீளத்துக்குச் சங்கிலி பிடித்து அளந்தார் வில்லியம் லாம்டன். அந்த அடிக்கோட்டிலிருந்து முக்கோணம் முக்கோணமாகத் தென்னிந்தியாவை அளந்தார். பெரிய முக்கோணம் என்றால் பூமியின் வளைவு உள்ளே வந்துவிடும். மூன்று கோணங்களின் கூட்டுத்தொகை 180 பாகையைத் தாண்டும். சுமார் 197 சதுர கிலோமீட்டருக்கு, பாகையில் 3600-ல் ஒரு பங்கு அதிகம். அத்துனூண்டு வித்தியாசத்தையும் அவர் விடமுடியாது.

நம் டெல்டாவில் அவருக்குச் சோதனை. மலையே கிடையாது. கோடியக்கரையில் உயரமான இடமே ராமர் பாதம் மணல்மேடுதான்! பனையும் தென்னையும் பார்வையை மறைக்க, கோயில் கோபுரங்களில் கருவியை ஏற்றினார்கள். 1808-ல் தஞ்சைப் பெரிய கோயிலில் அரை டன் எடையுள்ள தியோடலைட்டை மேலே இழுக்கும்போது கயிறு அறுந்து, அது சுவரில் மோதி நசுங்கியது. லாம்டன் அசரவில்லை. கூடாரத்துக்குள் உட்கார்ந்து ஆறு வாரத்தில் தானே சரிசெய்தார்.

அவர் கையில் இருந்தது கோளத் திரிகோணமிதிதான். குறுக்குப் பெருக்கம் அப்போது பிறக்கவே இல்லை. லாம்டன் இறந்தது 1823-ல். ஹாமில்டன் குவாட்டர்னியனைக் கண்டது 1843-ல். அதிலிருந்து இன்றைய வடிவத்தைப் பிரித்து, 1881-ல் யேல் மாணவர்களுக்காக அச்சிட்டுக் கொடுத்தவர் கிப்ஸ். வளைந்த ஆயங்களைப் பற்றி லாமே 1859-லேயே நூல் எழுதிவிட்டார்.

இனி என் தப்பு. காமர்ஸ் பாஷையில் சொன்னால், டாலரையும் ரூபாயையும் மாற்று விகிதம் பார்க்காமல் கூட்டிவிட்டேன். தீர்க்கரேகையில் ஒரு பாகை நிலநடுக்கோட்டில் 111 கி.மீ., கோடியக்கரையில் சுமார் 109, ஸ்ரீநகரில் சுமார் 92. விகிதம் இடத்துக்கு இடம் மாறுகிறது. அந்த விகிதம் அட்சரேகையின் கொசைன். ஒரே புள்ளியில் வடக்கு நோக்கியும் கிழக்கு நோக்கியும் ரேடியன் கணக்கில் இரண்டு வெக்டர்களைப் பெருக்கினால், ஆரத்தின் வர்க்கத்தோடு இந்தக் கொசைனையும் சேர்த்துப் பெருக்கவேண்டும். அப்போதுதான் சரியான பரப்பு வரும்.

என் கணக்கில் இன்னொரு சிக்கலும் இருந்தது. கோடியக்கரையின் 'மேலே'யும் காங்கேசன்துறையின் 'மேலே'யும் ஒரே திசை அல்ல. அதனால் இரண்டு ஊர்களையும் முதலில் பூமியின் மையத்திலிருந்து கிளம்பும் சாதாரண கார்ட்டீசியன் வெக்டர்களாக மாற்றவேண்டும். அவற்றின் நீளம் 1 என்று வைத்துக்கொண்டு பெருக்கினால், விடையின் அளவு இடைப்பட்ட கோணத்தின் சைன். இரவு பதினோரு மணிக்கு எனக்கு வந்தது சுமார் 0.0086. கோணம் இவ்வளவு சிறியதாக இருக்கும்போது சைனும் ரேடியனில் கோணமும் கிட்டத்தட்ட ஒன்றே. 6371-ஆல் பெருக்கினால் சுமார் 55 கி.மீ.!

கால்குலேட்டர் வைத்துக்கொண்டே ஒரு ராத்திரி போய்விட்டது. இது எதுவுமில்லாமல் கோபுரத்தின்மேல் நின்று நாட்டையே அளந்த மனிதரை நினைத்துக்கொண்டே தூங்கிப்போனேன்.