வால்தர் பிபிகே

உடைக்குள் மறைத்து எடுத்துச் செல்ல ஜெர்மனியில் உருவான சிறிய கைத்துப்பாக்கி. கார்ல் வால்தர் நிறுவனம் 1929இல் காவல்துறைக்காகப் ‘பிபி’ துப்பாக்கியை வெளியிட்டது. அதன் குழலையும் கைப்பிடியையும் குறுக்கியதே 1930களின் தொடக்கத்தில் வந்த பிபிகே. சீருடையின்றிப் பணிபுரியும் துப்பறிவாளர்களுக்கு இது ஏற்றதாக இருந்தது.

பின்புறம் வெளியே தெரியும் சுத்தியலே இதன் உயிர்நாடி. முதல் முறை விசையை நீளமாக, அழுத்தி இழுக்க வேண்டும். பிறகு மேலுறை பின்னோக்கி நகரும்போதே சுத்தியலை நிமிர்த்திவிடுவதால் மெல்லிய இழுப்பே போதும். காப்பு நெம்புகோலைத் தாழ்த்தினால், குண்டு வெடிக்காமலே சுத்தியல் இறங்கிவிடும். 7.65 மி.மீ. வகையில் தோட்டா அறையில் இருந்தால், சுத்தியலுக்கு மேலே சிறு ஊசி ஒன்று நீட்டி நிற்கும். இருட்டிலும் விரலால் தடவி அறியலாம். மறைத்து வைக்கும் துப்பாக்கிக்கு இத்தகைய பாதுகாப்பே முதல் தகுதி.

தோட்டாப் பெட்டியில் 7.65 மி.மீ. வகைக்கு 7, 9 மி.மீ. குறுந்தோட்டா வகைக்கு 6 தோட்டாக்கள் கொள்ளும். அமெரிக்காவின் 1968ஆம் ஆண்டுச் சட்டம், சிறிய அளவைக் காரணமாகக் கொண்டு பிபிகே இறக்குமதியைத் தடுத்தது. அதனால் பிபியின் உயரமான உடற்சட்டத்தோடு பிபிகேயின் மேலுறையைப் பொருத்தி, ‘பிபிகே/எஸ்’ உருவாக்கப்பட்டது.