முத்துக்குளித்துறையில் ஆன்மசோதனை

1530களில் போர்த்துக்கேயரின் பாதுகாப்பை நாடி ஞானஸ்நானம் பெற்ற தூத்துக்குடிக் கரையோரப் பரதவர்களுக்குச் செபங்களைக் கற்பிக்கும் பணி, 1542இல் மறைபரப்பாளர் சவேரியார் வந்த பின்னரே ஒழுங்குபட்டது. எழுத்தறியாத வளர்ந்தோர் ஞாயிறுதோறும் கூடி, அவர் சொல்லச்சொல்லத் திருப்பிச் சொல்லி மனப்பாடம் செய்தனர். அவர் அடுத்த ஊருக்குச் சென்ற பின் பாடத்தைத் தொடர, கணக்கப்பிள்ளை எனப்பட்ட உபதேசியார் ஊர்தோறும் அமர்த்தப்பட்டார். போர்த்துக்கல் அரசியின் காலணிச் செலவுக்கென இக்கரையிலிருந்து ஆண்டுதோறும் சென்ற 4000 பணத்தையே சவேரியார் இவர்களின் சம்பளத்துக்காகக் கேட்டுப் பெற்றார் என்பது, முதியோர் கல்விக்கு நிதி தேடியவர்களின் வரலாற்றில் விந்தையான செய்திதான்.

செபத்தை ஒப்பிப்பதற்கும் தன் நடத்தையைத் தானே ஆராய்வதற்கும் இடையிலுள்ள தொலைவைக் கடக்க முயன்றவர், 1546இல் இந்தியா வந்து புன்னைக்காயலில் தங்கிய அண்டிரிக் அடிகளார். குருவிடம் குற்றங்களை அந்தரங்கமாக அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்தில் மொழிபெயர்ப்பாளர் ஒருவரும் உடனிருந்தால் அந்தரங்கம் ஏது? தம் இருபதுகளின் பிற்பகுதியில் தமிழைப் பயின்று இலக்கணமும் எழுதிய அவர், 1578இல் கொல்லத்தில் 16 பக்கத் தம்பிரான் வணக்கத்தையும், 1579இல் கொச்சியில் வினாவிடையாலான கிரிசித்தியானி வணக்கத்தையும் அச்சிட்டபின், 1580இல் பாவசங்கீர்த்தனத்துக்கு ஆயத்தப்படுத்தும் கொம்பெசியொனாயரு என்ற நூலை வெளியிட்டார். அவ்வறிக்கைக்கு முன் நினைவைத் துருவிப் பார்ப்பதே ஆன்மசோதனை எனப்படும்.

அண்டிரிக் சார்ந்திருந்த இயேசு சபையில் இச்சோதனைக்கு எழுத்துவடிவமும் இருந்தது. சபையை நிறுவிய இஞ்ஞாசியாரின் ஆன்மீகப் பயிற்சிகள், 1548இல் உரோமையில் அச்சேறிய நூல், ஒரே ஒரு குறையைத் தேர்ந்துகொண்டு, காலையில் அதை விலக்க உறுதிபூண்டு, நண்பகல் உணவுக்குப் பின்னும் இரவு உணவுக்குப் பின்னும் கழிந்த நேரத்தை மணிவாரியாக நினைத்துப் பார்த்து, தவறிய தடவைகளை அந்நாளுக்குரிய இரு கோடுகளில் புள்ளிகளாகக் குறிக்கும்படி விதிக்கிறது. இரவில் மேற்கோட்டைக் கீழ்க்கோட்டோடும், பின்னர் நாளை நாளோடும், வாரத்தை வாரத்தோடும் ஒப்பிட வேண்டும். இன்று தன்னாய்வுக் குறிப்பேடு எனப் பரிந்துரைக்கப்படுவது இதிலிருந்து வெகுதூரம் போய்விடவில்லை.

ஆயினும் ஏடும் எழுதுகோலும் கைவந்தவருக்கே அம்முறை பொருந்தும். சிப்பிக்காகக் கடலில் மூழ்கியவருக்கோ ஆன்மசோதனை நினைவிலும் வாய்மொழியிலுமே நிகழ்ந்தது. குருவின் கேள்விகளுக்கு அவர் அளித்த பதில்கள் எழுதப்படுவதற்கில்லை, குருவின் செவியோடு முடிவதே விதி. ஆகவே அக்காலப் பரதவர் தம்மைப் பற்றி என்ன எண்ணினர் என்பதற்குச் சான்று கிட்டாவிடினும், எவற்றை எண்ணிப் பார்க்கும்படி அவர்கள் பழக்கப்பட்டனர் என்பதை ஆக்ஸ்போர்டின் போட்லியன் நூலகத்திலுள்ள 1580ஆம் ஆண்டுக் கொம்பெசியொனாயரு நூலின் படியிலிருந்து அறியலாம்.