மளிகைக் கவுன்டரிலிருந்து மதுக்கூடம் வரை: டப்ளின் பப்களின் வரலாற்று வளர்ச்சி

முன்னுரை

அயர்லாந்தின் தலைநகரான டப்ளினுக்குப் போகிறவர்கள் எந்தப் பப்பில் உட்காரலாம் என்று கேட்டால், வாசற்பலகையில் உள்ள ஆண்டைக் காட்டி விடை சொல்வதே வழக்கம். 1198, 1766, 1782 என்று பலகைகள் பேசும். ஆனால் உள்ளே நாம் காணும் மரத்தடுப்பும் கண்ணாடியும் நீண்ட கவுன்டரும் அந்த ஆண்டுகளைச் சேர்ந்தவை அல்ல. அவற்றில் பெரும்பகுதி 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் உருவானது. டப்ளின் பப்புக்கு அதன் வடிவத்தைத் தந்தது மளிகை வணிகம். அந்த வடிவம் அழியாமல் காத்தது உரிமச் சட்டம். இந்த இரண்டையும் நிறுவி, அவற்றின் வழியே இன்று எந்தப் பப்களை நாடலாம் என்று காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

தொடக்கக் காலம்

இடைக்கால டப்ளினில் மது விற்பனை கிறைஸ்ட் சர்ச் பேராலயத்தை ஒட்டிய சரிவில் திரண்டிருந்தது. அங்கிருந்து லிஃபி ஆற்றை நோக்கி இறங்கும் வைன்டாவர்ன் தெரு இன்றும் அப்பெயரிலேயே இருக்கிறது. பிரான்சிலிருந்து கப்பலில் வந்த திராட்சை மது அங்கே விற்கப்பட்டது. சாதாரண மக்கள் குடித்தது வீடுகளில் காய்ச்சிய ஏல் என்னும் பீர் வகை. அதைக் காய்ச்சி விற்றவர்களில் பெண்களே மிகுதி. 1610இல் அயர்லாந்தைப் பற்றி நூல் எழுதிய பார்னபி ரிச், டப்ளினில் திரும்பிய பக்கமெல்லாம் ஏல் விற்கிறார்கள் என்று குறைபட்டுக்கொண்டார். 1635இல் ஏல் வீடு நடத்துவோர் உரிமம் பெற வேண்டும் என்ற சட்டம் வந்தது. ஆனாலும் எண்ணிக்கை குறையவில்லை. 1672 அளவில் வில்லியம் பெட்டி எடுத்த கணக்கின்படி, 4,000 குடும்பங்கள் வாழ்ந்த டப்ளினில் 1,180 ஏல் வீடுகளும் 91 மதுக்காய்ச்சும் கூடங்களும் இருந்தன. ஏறக்குறைய மூன்றரைக் குடும்பங்களுக்கு ஓர் ஏல் வீடு.

இந்தக் காலத்தின் அடையாளமாக இன்று சுட்டப்படுவது பிரேசன் ஹெட் என்னும் பப். 1198இலேயே அவ்விடத்தில் விடுதி இருந்தது என்பது அதன் உரிமைகோரல். இப்போதுள்ள கட்டடமோ 18ஆம் நூற்றாண்டில் பயணிகள் விடுதியாக எழுந்தது. 1790களில் பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்த ஐக்கிய அயர்லாந்தினர் இயக்கத்தோடு அதற்குள்ள தொடர்பே வரலாற்றில் உறுதியான இடம் பெறுகிறது.

போர்ட்டரும் விஸ்கியும்

1759 டிசம்பர் 31 அன்று ஆர்தர் கின்னஸ், செயின்ட் ஜேம்ஸஸ் கேட்டில் இருந்த காய்ச்சுக்கூடத்தை ஆண்டுக்கு 45 பவுண்டு வாடகைக்கு, 9,000 ஆண்டுக் குத்தகையாக எடுத்தார். 1799இல் அந்நிறுவனம் ஏல் காய்ச்சுவதை நிறுத்திவிட்டுக் கரிய நிறப் பீரான போர்ட்டரில் மட்டும் இறங்கியது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அது உலகின் மிகப்பெரிய மதுக்காய்ச்சும் நிறுவனம். வீட்டு ஏல் மறைந்தது. காய்ச்சும் இடமும் குடிக்கும் இடமும் பிரிந்தன.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். இங்கிலாந்தில் பெரிய காய்ச்சுக்கூடங்கள் பப்களையே விலைக்கு வாங்கித் தம் சரக்கை மட்டும் விற்கச் செய்தன. டப்ளினில் அந்த முறை வேரூன்றவில்லை. பப் குடும்பச் சொத்தாகவே நின்றது. முகப்பில் உரிமையாளரின் பெயரே இருந்தது. கின்னஸைப் பீப்பாயில் வாங்கிப் பப்காரரே புட்டியில் அடைத்தார். ஜேம்சன், பவர்ஸ் போன்ற வடிசாலைகளிலிருந்து புது விஸ்கியை வாங்கித் தம் பீப்பாய்களில் ஆண்டுக்கணக்கில் முதிரவிட்டு விற்றவர்களும் உண்டு. ஆகவே ஒவ்வொரு பப்பின் விஸ்கிக்கும் தனிச்சுவை இருந்தது. 1966இல் வடிசாலைகள் ஒன்றிணைந்த பிறகு இந்த வழக்கம் மெல்ல மறைந்தது.

மளிகைக் கவுன்டர்

19ஆம் நூற்றாண்டு டப்ளினில் தேயிலை, சர்க்கரை, அரிசி, மசாலா விற்ற கடையிலேயே விஸ்கியும் போர்ட்டரும் கிடைத்தன. முன்புறம் மளிகை, பின்புறம் மது. திப்பரேரி, கேவன் போன்ற மாவட்டங்களிலிருந்து வந்த இளைஞர்கள் இத்தகைய கடைகளில் தொழில் பழகினார்கள். கடைக்கு மேல்மாடியிலேயே தங்கினார்கள். பணம் சேர்ந்ததும் தமக்கென்று கடை வாங்கினார்கள். நகரின் பப் உரிமையாளர்களில் பலர் இவ்வழியில் வந்தவர்கள்.

சவுத் ஆன் தெருவில் உள்ள கீஹோஸ் பப்பில் இந்த வரலாற்றைக் கண்ணால் பார்க்கலாம். கவுன்டருக்குப் பின்னால் மகாகனி மரத்தில் வரிசை வரிசையாகச் சிறு இழுப்பறைகள். ஒரு காலத்தில் தேயிலையும் மளிகைச் சாமான்களும் இருந்தவை. இடுப்பளவுத் தடுப்பு ஒன்று மளிகைப் பகுதியையும் குடிப்பவர் பகுதியையும் பிரிக்கிறது. உரிமையாளர் குடியிருந்த மாடி அறைகள் இன்றும் வீட்டுக்கூடம் போலவே இருக்கின்றன. அங்கேயே குடிப்பவர்கள் அமர்கிறார்கள். பாகட் தெருவில் டோனர்ஸ், டோஹெனி அண்ட் நெஸ்பிட் ஆகிய இரண்டிலும் இதே அமைப்பின் தடயங்கள் உள்ளன.

மளிகை அமைப்போடு சேர்ந்து வளர்ந்ததுதான் ஸ்னக் எனப்படும் சிற்றறை. நான்கைந்து பேர் நெருங்கி உட்காரும் அளவு, உட்புறத் தாழ்ப்பாள், கவுன்டர் பக்கம் சிறு திறப்பு, வெளியிலிருந்து பார்க்க முடியாத மங்கல் கண்ணாடி. பொதுக்கூடத்தில் இடம் மறுக்கப்பட்ட பெண்களும், ஊர் வாய்க்கு அஞ்சியவர்களும் அங்கே குடித்தார்கள்.

விக்டோரியா காலச் செழுமை

1838இல் கார்க் நகரில் பாதிரியார் தியோபால்ட் மேத்யூ தொடங்கிய மதுவிலக்கு இயக்கத்தில் லட்சக்கணக்கானோர் உறுதிமொழி எடுத்தனர். 1898இல் டப்ளினிலேயே பயனியர் மதுவிலக்குச் சங்கம் தோன்றியது. இந்த இரண்டு இயக்கங்களுக்கும் இடைப்பட்ட காலத்தில்தான் நகரின் மிக அழகிய பப்கள் எழுந்தன. குடிக்கும் இடம் இழிவானது என்ற குற்றச்சாட்டுக்கு அவை கட்டடத்தாலேயே மறுமொழி கூறின என்பது என் கருத்து. லாங் ஹால் பப்பின் உள்வேலைப்பாடு 1881ஐச் சேர்ந்தது. டேம் கோர்ட் சந்தில் உள்ள ஸ்டாக்ஸ் ஹெட் 1895இல் புதுப்பித்துக் கட்டப்பட்டது. வண்ணக் கண்ணாடிச் சன்னல்களும் பளிங்குக் கவுன்டரும் அதற்கு மேல் கலைமான் தலையும் அதன் அடையாளம். பார்க்கேட் தெருவில் உள்ள ரயான்ஸ் பப் 1896ஐச் சேர்ந்தது.

சட்டம் காத்த வடிவம்

1878இல் அயர்லாந்து முழுவதும் ஞாயிறன்று மதுக்கடைகளை மூடச் சட்டம் வந்தபோது, டப்ளின் உள்ளிட்ட ஐந்து நகரங்களுக்கு மட்டும் விலக்கு அளிக்கப்பட்டது. மிகப்பெரிய விளைவை உண்டாக்கியது 1902ஆம் ஆண்டுச் சட்டம். அதன்படி, இருக்கும் உரிமம் ஒன்றை ஒழித்தால்தான் பொதுவாகப் புதிய உரிமம் பெற முடியும். இதனால் உரிமமே அரிய சொத்தாயிற்று. பப் இருந்த இடத்தில் பப்பே நீடித்தது. கை மாறினாலும் தொழில் மாறவில்லை. நகர மையத்தின் பழைய பப்கள் 20ஆம் நூற்றாண்டைக் கடந்து வந்ததற்கு இதுவே முதற்காரணம். இதன் மறுபக்கமாக, விரிந்து வளர்ந்த புறநகர்களுக்குச் சின்னஞ்சிறு பப்கள் கிடைக்கவில்லை, பெருங்கூடங்களே அமைந்தன.

1927இல் நீதி அமைச்சர் கெவின் ஓஹிகின்ஸ் கொண்டுவந்த சட்டம், நகரப் பப்கள் பிற்பகல் 2.30 முதல் 3.30 வரை மூடியிருக்க வேண்டும் என்றது. மக்கள் இதைப் ‘புனித மணி’ என்று அழைத்தார்கள். வாரநாட்களில் இது 1988 வரை நீடித்தது. புனித வெள்ளியன்று மது விற்பதற்கு இருந்த தடை 2018இல்தான் நீங்கியது. 2000ஆம் ஆண்டுச் சட்டம், நாட்டின் எந்த மூலையில் உள்ள உரிமத்தையும் வாங்கி வேறிடத்துக்கு மாற்ற வழிவிட்டது. கிராமப் பப்கள் மூடப்பட்டு அவற்றின் உரிமங்கள் நகரங்களுக்கு நகரத் தொடங்கின.

எழுத்து, இசை, பெண்கள்

ஜேம்ஸ் ஜாய்ஸின் ‘யுலிசிஸ்’ (1922) நாவலின் நாயகன் புளூம், 1904 ஜூன் 16 அன்று டியூக் தெருவின் டேவி பர்ன்ஸில் பாலாடைக்கட்டி சாண்ட்விச்சும் ஒரு கிளாஸ் பர்கண்டியும் சாப்பிடுகிறார். பின்னாளில் பாலஸ் பாரில் பத்திரிகையாளர்களும், மெக்டெய்ட்ஸில் பிரெண்டன் பீயன், பேட்ரிக் கவானா முதலியோரும் கூடினர். பப்பில் நாட்டார் இசை கேட்பது இன்று தொன்மையான மரபுபோல் தோன்றுகிறது. ஆனால் நகரப் பப்களில் அது பரவியது 1960களில்தான். 1962இல் ஓடனஹூஸ் பப்பில் உருவான ‘த டப்ளினர்ஸ்’ குழுவுக்கு அதில் பெரும்பங்கு உண்டு.

மரபு என்று போற்றும்போது அதன் அநீதியையும் சொல்லியாக வேண்டும். 1970கள் வரை பல பப்கள் பெண்களை அனுமதிக்கவில்லை. அனுமதித்தவற்றிலும் சில, பெண்களுக்கு முழுப் பைன்ட் அளவு பீர் ஊற்ற மறுத்தன. பெண்ணுரிமை இயக்கத்தினர் பப்களுக்குள் நேரடியாகச் சென்று போராடினார்கள். 2000ஆம் ஆண்டின் சமநிலைச் சட்டம் இத்தகைய மறுப்பைச் சட்டவிரோதமாக்கியது. டப்ளின் பப்பின் வரலாற்றில் இது எந்தப் பளிங்குக் கவுன்டரையும்விடப் பெரிய பேறு.

இன்று எங்கே குடிக்கலாம்?

மளிகைக் காலத்தைக் காண விரும்புவோர் கீஹோஸுக்கும் டோனர்ஸுக்கும் போகலாம். கூட்டம் சேருமுன் பிற்பகலில் போனால் ஸ்னக்கில் இடம் கிடைக்கும். விக்டோரியா காலக் கைவினைக்கு லாங் ஹாலும் ஸ்டாக்ஸ் ஹெட்டும். உரையாடலுக்கு கிளாஸ்னெவின் கல்லறைத் தோட்டத்தை ஒட்டிய ஜான் கவானா பப். ‘கிரேவ்டிகர்ஸ்’ என்றால்தான் ஊருக்குத் தெரியும். 1833இல் தொடங்கி இன்றுவரை ஒரே குடும்பம் நடத்தும் அங்கே இசையும் இல்லை, தொலைக்காட்சியும் இல்லை. இசைக்கு ஸ்மித்ஃபீல்டின் காபிள்ஸ்டோன். 1991க்குப் பிறகு சுற்றுலாவை நோக்கி மறுசீரமைக்கப்பட்ட டெம்பிள் பார் பகுதியில் விலை அதிகம். வரலாற்றை நாடுவோருக்கு அது தேவையில்லை.

எங்கே போனாலும் பைன்ட் ஊற்றப்படுவதைப் பாருங்கள். கிளாஸைச் சாய்த்து முக்கால் பங்கு நிரப்புவார்கள். பழுப்பு நுரை மேலேறிக் கருமை படியும்வரை காத்திருப்பார்கள். பிறகு நேராக நிறுத்தி மீதியை நிரப்புவார்கள். முன்பு இரண்டு பீப்பாய்களிலிருந்து கலந்து ஊற்றினார்கள். 1959இல் நைட்ரஜன் முறை வந்தும் இரண்டு கட்ட ஊற்றல் மாறவில்லை. பார்மேன் காத்திருக்கும்போது அவசரப்படுத்துவது அங்கே நாகரிகமல்ல.

முடிவுரை

டப்ளின் பப் காலங்காலமாக மாறாமல் நின்ற ஒன்றல்ல. ஏல் வீடு, மளிகைக்கடை, விக்டோரியா கால மாளிகை, எழுத்தாளர் கூடம், இசைக்கூடம் என்று ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்த அமைப்பு அது. 2021இல் காபிள்ஸ்டோன் இருக்கும் இடத்தில் ஹோட்டல் கட்டும் திட்டம் வந்தபோது, இசைக்கலைஞர்களும் பொதுமக்களும் சவப்பெட்டி சுமந்து ஊர்வலம் போனார்கள். அவ்வாண்டு நவம்பரில் மாநகராட்சி அனுமதி மறுத்தது. இனி உரிமச் சட்டம் மட்டும் போதாது, மக்களின் அக்கறையும் வேண்டும் என்பதை இந்நிகழ்வு காட்டுகிறது. மரத்தையும் கண்ணாடியையும் மட்டும் காப்பது பாதுகாப்பு ஆகாது. அங்கே கூடும் வழக்கத்தைக் காக்க வேண்டும். டப்ளினுக்குப் போகும் வாசகர்கள் பலகையிலுள்ள ஆண்டைப் பார்த்துப் பப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். அக்கம்பக்கத்தார் இன்றும் வந்து உட்காரும் பப்பைத் தேடிச் செல்லுங்கள்.