ஒளியின் துணிக்கையியல்பு: மில்லிக்கனின் இரு கூற்றுகள் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

விஞ்ஞானத்தின் வரலாறு பெரும்பாலும் மேதைகளின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. மேதை சிந்திக்கின்றார், பரிசோதகர் நிரூபிக்கின்றார், உலகம் ஏற்றுக்கொள்கின்றது. ஒளிமின் விளைவின் வரலாறும் பாடநூல்களில் இவ்வாறே கூறப்படுகின்றது. மூல எழுத்துக்களை ஒப்புநோக்குமிடத்து வேறொரு சித்திரம் புலப்படுவதை நாம் காணலாம்.

1887 இல் ஜேர்மனியிலே ஹேட்ஸ், ஊதாகடந்த ஒளி படும்போது உலோக முனைகளிடையே மின்பொறி எளிதிற் பாய்வதைக் கண்டார். மின்காந்த அலைகளை மெய்ப்பித்த ஆய்வினூடாகவே அலைக்கொள்கைக்கு அடங்காத தோற்றப்பாடொன்றும் வெளிப்பட்டமை கவனிக்கத்தக்கது. 1902 இல் லெனாட் இம்முரண்பாட்டைத் துலக்கினார். ஒளியின் செறிவு கூடியபோது வெளியேறும் இலத்திரன்களின் தொகை கூடியது. அவற்றின் உச்ச சத்தியோ மாறவில்லை. 1905 இல் பேர்ண் நகர ஆக்கவுரிமை அலுவலகத்திற் பணியாற்றிய ஐன்ஸ்ரைன், ஒளியின் சத்தி சொட்டுக்களாக உள்ளதெனவும், ஒரு சொட்டின் சத்தி மீடிறனுக்கு நேர்விகிதசமமெனவும் கொண்டு இதனை விளக்கினார். செறிவு கூடின் சொட்டுக்களே பெருகும். ஒவ்வோர் இலத்திரனும் பெறுவது ஒரு சொட்டின் சத்தியையே.

இவ்விளக்கம் எளிதில் ஏற்கப்படவில்லை. ஒளியின் தலையீட்டையும் கோணலையும் விளக்கிய அலைக்கொள்கையை எவரும் இலகுவிற் கைவிட முடியாதிருந்தது. 1913 இல் ஐன்ஸ்ரைனைப் பிரஷ்ய விஞ்ஞானக் கழகத்துக்கு முன்மொழிந்த பிளாங்க் முதலியோர், ஒளிச்சொட்டுப் பற்றிய ஊகத்தில் அவர் இலக்குத் தவறியிருப்பினும் அதனை அவருக்கெதிராகக் கொள்ளலாகாது என்றே எழுதினர்.

மில்லிக்கனின் நிலை இன்னும் நுணுக்கமானது. சிக்காகோவில் அவர் வெற்றிடக் குழாயினுள்ளேயே சோடியம், இலிதியம் ஆகியவற்றின் மேற்பரப்பைச் சுரண்டிப் புதுப்பித்து, பல்லாண்டுகள் அளவீடுகள் செய்தார். 1916 இல் வெளியான முடிவுகள் ஐன்ஸ்ரைனின் சமன்பாட்டைத் துல்லியமாக உறுதிப்படுத்தின; பிளாங்கின் மாறிலியும் அதிலிருந்து பெறப்பட்டது. எனினும் அதே கட்டுரையில், சமன்பாட்டை ஏற்ற மில்லிக்கன் அதனைத் தந்த கருதுகோளை ஏற்க மறுத்தார். ஐன்ஸ்ரைனுக்குரிய 1921 ஆம் ஆண்டு நோபல் பரிசும் ஒளிமின் விளைவின் விதியையே சுட்டியது, ஒளிச்சொட்டைச் சுட்டவில்லை. 1923 இல் கொம்ரன் எக்ஸ் கதிர்ச் சிதறலை விளக்கிய பின்னரே பௌதிகவியலாளர் பலர் துணிக்கையியல்பை ஏற்கத் தலைப்பட்டனர்.

ஆனால் 1950 இல் வெளிவந்த தம் சுயசரிதையில் மில்லிக்கன், தமது முடிவுகள் ஐன்ஸ்ரைனின் விளக்கத்தைத் தவிர வேறெதற்கும் இடமளிக்கவில்லை என்ற பொருள்பட எழுதினார். முன்னைய மறுப்பு அங்கு மறைந்துவிட்டது. இதனை வெறும் மறதியென்றோ பொய்யென்றோ தள்ளிவிடுதல் போதாது. வெற்றிபெற்ற கருத்து தன் கடந்த காலத்தையும் தனக்கேற்பத் திருத்தியமைத்துக் கொள்கின்றது. அத்திருத்தத்தையே பாடநூல் வரலாறென வழங்குகின்றது.

அலையும் துணிக்கையும் இணைந்த ஒளியை இயங்கியலுக்கு எடுத்துக்காட்டெனக் கூறி அமைதல் எளிது. நாம் கற்கவேண்டியது அதனினும் கடினமானது. மில்லிக்கனின் கைகள் நிறுவியதை அவரது சிந்தனை ஏற்கவில்லை. நடைமுறை கருத்தை முந்திச் சென்றது. அந்த இடைவெளியை அழித்து எழுதப்படும் வரலாறு, உண்மை எவ்வாறு உழைப்பினாலும் முரண்பாட்டினாலும் பெறப்படுகின்றது என்பதையே மறைத்துவிடுகின்றது.